வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனத்தை வாழ்க்கையில் எப்படி எடுத்துக்கொள்வது?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். புது வருட நள்ளிரவு ஆராதனையில் அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது அந்த வருடத்துக்கான வாக்காக ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்டுத் தருகிற அட்டையில், எரேமியா 29:11 இருந்தது. பொறியியல் முடித்த மகனுக்கு இந்த வருடம் வேலை கிடைத்துவிடும் என்று கர்த்தரே சொல்லிவிட்டார் என நம்பி, அட்டையைப் பீரோ கண்ணாடியில் ஒட்டிவைத்துத் தினமும் அதைச் சொல்லி ஜெபித்தார். டிசம்பர் வந்துவிட்டது, வேலை வரவில்லை. "என் விசுவாசம் குறைவா? அந்த வசனம் எனக்கு இல்லையா? அப்படியானால் வேத வசனங்களை அன்றாட வாழ்க்கைக்கு எப்படித்தான் எடுத்துக்கொள்வது?" என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, விசுவாசம் குறைவா என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுவாகத்தான் இருக்கும். எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தை நாம் விசுவாச வீரர்களின் அதிகாரம் என்கிறோம். ஆபேல், ஏனோக்கு, நோவா, ஆபிரகாம், சாராள், மோசே, ராகாப் என்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக்கொண்டு போகிற அந்த அதிகாரம் முடிகிற இடத்தில் 39-ஆம் வசனம் இப்படி இருக்கிறது: "இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்." நற்சாட்சியும் பெற்றார்கள், எதிர்பார்த்தது கைக்கும் வரவில்லை. இரண்டும் ஒரே ஆட்களைப் பற்றி, ஒரே வாக்கியத்தில் சொல்லப்படுகிறது. ஆகவே, வேலை கிடைக்காததால் உங்களுக்கு விசுவாசம் இல்லை என்று சபையில் யாராவது சொல்லியிருந்தால், அதை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். வேதம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

இப்போது அட்டையில் வந்த வசனத்துக்கு வருவோம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நம் வீடுகளில் காலண்டரிலும் கடிகாரத்திலும் கல்யாண அழைப்பிதழிலும் இருக்கிற வசனம். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அந்தக் கடிதம் யாருக்குப் போனது என்று தெரிந்தால்தான், உங்கள் வீட்டுக்கு அது என்ன சொல்கிறது என்பதும் தெரியும்.

கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, எகொனியா ராஜாவையும் அவன் தாயையும் பிரபுக்களையும் தச்சர்களையும் கொல்லர்களையும் சிறைபிடித்துக்கொண்டு போனான். அப்போது எருசலேம் நகரம் இடிக்கப்படவில்லை, தேவாலயமும் அப்படியே நின்றது. அதனால் சீக்கிரம் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது. எருசலேமில் அனனியா என்ற தீர்க்கதரிசி எழுந்து, இரண்டே வருடத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தரின் பெயரால் ஆலயத்தில் வைத்தே சொன்னான். எரேமியா அதைக் கேட்டு என்ன சொன்னார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அவருக்கும் அதுதான் ஆசை. ஆனாலும் கர்த்தர் சொன்னது அது இல்லை என்று பிற்பாடு அவனிடம் நேருக்கு நேர் சொல்ல வேண்டிவந்தது. இது 28-ஆம் அதிகாரம்.

அடுத்த அதிகாரத்தில்தான் நம் கடிதம் இருக்கிறது. எகொனியாவுக்குப் பின் எருசலேமில் ராஜாவான சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய இரண்டு பேர் கையில் எரேமியா அதைக் கொடுத்துவிடுகிறார். சிறைப்பட்டுப் போனவர்கள் பிரித்து வாசித்தால், முதலில் இருப்பது இதுதான்: "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." பெண் எடுங்கள், பெண் கொடுங்கள், அங்கே குறுகாமல் பெருகுங்கள். அப்புறம் அவர்களுக்கு நிச்சயம் கசந்திருக்கும் ஒரு வார்த்தை: எந்தப் பட்டணம் உங்களைச் சிறையாக்கியதோ அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபம் பண்ணுங்கள். பத்தாம் வசனத்தில் எழுபது வருடம் என்று கணக்கும் வந்துவிடுகிறது. 11-ஆம் வசனம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

எழுபது வருடம் என்றால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கடிதத்தைக் கேட்ட முப்பது வயதுத் தச்சன் ஒருவன் திரும்பவும் எருசலேமைப் பார்க்கப்போவதில்லை. பாபிலோன் பெர்சிய ராஜா கோரேசின் கையில் விழுந்தது கி.மு. 539-இல். திரும்பிப் போனவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். கடிதம் போய்ச் சேர்ந்ததும் அங்கே இருந்த செமாயா என்பவன் கோபப்பட்டு, ‘இது நீண்டகாலம் ஆகும், வீடு கட்டிக் குடியிருங்கள் என்று எழுதுகிறானே, இவனை ஏன் இன்னும் தொழுமரத்தில் மாட்டிவைக்கவில்லை’ என்ற அர்த்தத்தில் எருசலேமுக்குப் பதில் எழுதினான். அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் இது இருக்கிறது. நாம் இத்தனை ஆசையாக ஒட்டிவைக்கிற வசனம் வந்த கடிதத்தை, முதலில் பெற்ற சிலர் தாங்கமுடியாமல்தான் வாசித்தார்கள்.

அப்படியென்றால் அந்த வசனம் நமக்கு இல்லையா? இருக்கிறது. முன்பு எழுதப்பட்டவை எல்லாம் நமக்குப் போதனையாக எழுதியிருக்கிறது என்று ரோமர் 15:4 சொல்கிறது. தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் "ஆம்" என்றும் "ஆமென்" என்றும் இருக்கிறது என்று 2 கொரிந்தியர் 1:20 சொல்கிறது. அவர்களுக்குச் சொன்னது நமக்கு எந்த வழியில் வந்து சேர்கிறது, அதில் எது வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதைப் புதிய ஏற்பாடே செய்துகாட்டுகிறது. யோர்தானைக் கடக்கும் முன் கர்த்தர் யோசுவாவிடம், உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை என்றார். யோசுவா 1:5. யுத்தத்துக்குப் போகிற தளபதிக்குச் சொன்ன வார்த்தை அது. எபிரெயர் நிருபத்தை எழுதியவர் அதை எடுத்து எங்கே வைக்கிறார் பாருங்கள்: "நீங்கள் பண ஆசையில்லாதவர்களாய் நடந்து, உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள், நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறாரே." கானான் தேசத்தை இந்த விசுவாசிகளும் பிடிப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. யோசுவாவோடு இருந்த அதே கர்த்தர், மாசக் கடைசியில் கையில் காசில்லாத வீட்டிலும் இருக்கிறார், ஆகவே பணத்துக்குப் பின்னால் ஓடாதிருங்கள் என்கிறார். வாக்குக் கொடுத்தவர் யார் என்பது அப்படியே வருகிறது. அந்தச் சந்தர்ப்பத்துக்கு மட்டும் உரிய பொருள் வருவதில்லை. வசனத்தைப் பொருத்திப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

எரேமியாவின் அந்த எழுபது வருட வார்த்தையைத் தன் காலத்தில் எடுத்துக்கொண்ட ஒருவரும் வேதத்திலேயே இருக்கிறார். தானியேல் 9-ஆம் அதிகாரம். முதியவரான தானியேல் எரேமியாவின் புத்தகத்தை வாசித்து, எழுபது வருடம் நிறைவேறப்போகிறது என்று அறிந்துகொள்கிறார். அறிந்ததும் செய்த காரியம் என்ன? உபவாசம் இருந்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, நாங்கள் பாவம் செய்தோம் என்று அறிக்கையிட்டு ஜெபிக்கிறார். ‘நீர் சொன்னீர், கொடுத்தே ஆக வேண்டும்’ என்ற தொனி அந்த ஜெபத்தில் எங்கேயும் இல்லை. எங்கள் நீதிகளை நம்பி அல்ல, உம்முடைய மிகுந்த இரக்கங்களை நம்பியே கேட்கிறோம் என்கிறார். முழு இருதயத்தோடும் என்னைத் தேடுவீர்களானால் கண்டுபிடிப்பீர்கள் என்று அதே கடிதத்தின் 13-ஆம் வசனம் சொன்னதை அவர் அப்படியே செய்தார்.

சரி, உங்கள் மகன் விஷயத்தில் இது என்ன ஆகிறது? இந்த வருடத்துக்குள் இன்ன வேலை என்று எரேமியா 29:11 உங்களுக்குத் தேதி போட்டுக் கொடுக்கவில்லை. அவன் மேல் கர்த்தர் வைத்திருக்கிற நினைவு தீமைக்கானது இல்லை என்பதை மட்டும், கிறிஸ்துவின் நிமித்தம், சந்தேகமில்லாமல் பிடித்துக்கொள்ளலாம். அதோடு அந்தக் கடிதத்தின் முதல் பாதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கிற காலத்தில் வாழ்க்கையை நிறுத்திவைக்காதே என்பதுதான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்பதன் பொருள். பெரிய கம்பெனி வேலை வரும்வரை வேறு எதையும் தொடமாட்டேன் என்று அவன் இருந்தால், அவனிடம் ஐந்தாம் வசனத்தைக் காட்டுங்கள். இப்போது கிடைக்கிற சிறிய வேலையை எடுத்துச் செய்யட்டும், ஒரு தொழில் பழகட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கட்டும். உங்கள் குடும்ப ஜெபத்தில் ஏழாம் வசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் வேலைக்காக மட்டும் முழங்கால் போடாமல், உங்கள் ஊருக்காக, தெருவுக்காக, அதே நேர்முகத் தேர்வில் அவனோடு உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகளுக்காகவும் ஜெபியுங்கள். இதெல்லாம் அந்த அட்டையில் அச்சிட இடமில்லாமல் போன பகுதி.

அட்டை எடுப்பதே தப்பா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தப்பென்று நான் சொல்லமாட்டேன். வசனத்தைச் சீட்டு எடுப்பதுபோல் எடுக்கும் வழக்கம் நம் சபைகளில் மட்டும் உள்ளதில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற இடத்தில் மொரேவிய சபையார் 1728-இல் நாளுக்கொரு வசனம் என்று தொடங்கி, 1731 முதல் வருடந்தோறும் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். அதில் பழைய ஏற்பாட்டு வசனத்தைத்தான் சீட்டில் எடுப்பார்கள். அதற்குப் பொருந்துகிற புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றை வாசித்துத் தேடிப் பக்கத்தில் வைப்பார்கள், ஒரு ஜெபமும் சேர்ப்பார்கள். நீங்களும் ஜனவரி 1 அன்று அட்டை வாங்கி வந்ததும், அந்த அதிகாரம் முழுவதையும் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து வாசியுங்கள். எரேமியா 29-இல் மொத்தம் 32 வசனங்கள்தான். வசன எண்களே 16-ஆம் நூற்றாண்டில் அச்சுக்காரர் ராபர்ட் எஸ்தியேன் 1551-இல் புதிய ஏற்பாட்டுக்குப் போட்டதிலிருந்துதான் இன்றைய வடிவில் பரவின. எரேமியா கடிதம் எழுதியபோது 11 என்ற எண் அதில் இல்லை.

இதே மாதிரி நாம் தனியாகப் பிய்த்து எடுக்கிற வசனங்கள் இன்னும் சில உண்டு. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நாம் சொல்லி அனுப்புகிற பிலிப்பியர் 4:13, பவுல் சிறையிலிருந்து எழுதியது. தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்று சொன்ன கையோடுதான் "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்கிறார். பாஸானால் மட்டும் சொல்கிற வசனம் இல்லை அது. மார்க் குறைந்து வீட்டுக்கு வருகிற பிள்ளைக்குத்தான் அது அதிகம் தேவை.

நோய் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்ற ஏசாயா 53:5-ஐ அறிக்கை செய்துவிட்டுச் சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதிருங்கள். அதே ஏசாயாவின் புத்தகத்தில் 38-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருடம் ஆயுசு கூட்டுகிறேன் என்று கர்த்தரே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின் மேல் பற்றுப் போடச் சொல்கிறார். வாக்குத்தத்தமும் மருந்தும் அந்த அறையில் ஒன்றாக இருந்தன. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வந்த பலவீனத்துக்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொன்னவரும், தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதியவரும் அப்போஸ்தலனாகிய பவுல்தான். சங்கீதம் 91-ஐச் சொல்லி, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி என்று பிசாசு இயேசுவிடம் சொன்னபோது அவன் காட்டிய வசனம் சரியான வசனமே. அதற்கு இயேசு உபாகமத்திலிருந்து, உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று இன்னொரு வசனத்தை வைத்தார். ஒரு வசனத்தை நிதானிக்க மற்ற வசனங்கள் வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் பொருத்திப் பார்க்க யோசனை தேவைப்படுகிற வசனங்கள். எதையும் யோசிக்கத் தேவையில்லாமல் அப்படியே செய்யவேண்டிய வசனங்கள்தான் வேதத்தில் நம் அன்றாடத்தைத் தொடுகிறவை. அவை அட்டைகளில் வருவதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் என்றால், நமக்கு வங்கியில் பணம் ஏறத் தாமதமானாலும், அவர் கேட்டு நிற்கும் முன் கையில் கொடுப்பதுதான் அந்த வசனத்தை எடுத்துக்கொள்வது. பண்டிகைக்கு முந்தின நாள் ‘நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிட்டு, ஆலயத்தில் முன் வரிசையில் உட்காருகிறபோது அந்த வசனத்தை நாம் மீறியிருக்கிறோம்.

மத்தேயு 18:20-ஐயும் இங்கேதான் வைப்பேன். இரண்டு மூன்று பேர் என் நாமத்தினாலே கூடியிருக்கிற இடத்தில் நான் இருக்கிறேன் என்ற வசனத்தைக் கூட்டம் குறைந்த ஜெபக்கூட்டத்தில் ஆறுதலுக்குச் சொல்கிறோம். ஐந்து வசனம் மேலே போனால், உனக்கு விரோதமாகக் குற்றம் செய்த சகோதரனிடம் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில் அவன் குற்றத்தை உணர்த்து என்று இயேசு சொல்கிறார். தனித்திருக்கையில் என்கிறார். குடும்ப வாட்சப் குழுவில் எழுதுவதற்கு முன், மூன்றாவது ஆளிடம் சொல்வதற்கு முன், பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போய்ப் பேசுவது. சொத்துப் பாகத்தில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் நம் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். பல வருடம் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் வெளியே போகிறார்கள். இந்த ஒரு வசனத்தை ஒரே ஒரு குடும்பம் செய்தாலும் சபை அதை உணரும்.

இன்னும் கடினமான ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் தாண்டிப் போனால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை... நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள்" என்பது கலாத்தியர் 3:28. அதற்கு முந்தின அதிகாரத்தில், புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினதற்காகப் பவுல் எல்லோர் முன்பாகவும் அவரைக் கண்டித்தார். பந்தியில் யாரோடு உட்காருகிறோம் என்பதே சுவிசேஷத்தின் சத்தியத்தைத் தொடுகிற விஷயமாகப் பவுலுக்குப் பட்டது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்கு எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் எத்தனை தலைமுறை ஆகிவிட்டது! இன்றைக்கும் கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரத்தில் சாதிப் பெயர் அச்சாகிறது. நீங்கள் உங்கள் மகனுக்கு ஒருநாள் பெண் பார்ப்பீர்கள். அன்றைக்குக் கலாத்தியர் 3:28 உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். வரதட்சணையையும் அன்றைக்கே அதே மேஜையில் வைத்துப் பேச வேண்டியிருக்கும். வேலைக்காகப் பிடித்துக்கொண்ட வசனத்தை எவ்வளவு உறுதியாகப் பிடித்தீர்களோ, அவ்வளவு உறுதியாக இதையும் பிடித்துக்கொள்ள இப்போதிருந்தே ஜெபியுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், யாக்கோபு நிருபத்தில் தொடங்குங்கள். ஐந்தே அதிகாரம், 108 வசனம். திங்கள் முதல் வெள்ளி வரை இரவு ஜெபத்தில் தினம் ஒரு அதிகாரம் சத்தமாக வாசியுங்கள், மகனும் முறை எடுத்து வாசிக்கட்டும். "கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்" என்பது முதல் அதிகாரத்திலேயே வந்துவிடும். வாசித்து முடித்ததும் நாளைக்கு இதில் எதை, யாரிடம், எத்தனை மணிக்குச் செய்யப்போகிறோம் என்று ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள். நாக்கைப் பற்றிப் பேசுகிற மூன்றாம் அதிகாரம் புதன்கிழமை வரும். ‘இனிமேல் நன்றாகப் பேசுவேன்’ என்று யாராவது பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள், யாரிடம் என்று கேளுங்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே ஐந்து அதிகாரம். ஒரு மாதம் இப்படிப் போகட்டும், அப்புறம் பிலிப்பியருக்குப் போங்கள். அது நான்கு அதிகாரம்தான்.